வா என்று கேட்காத மத்தியானம்

எழுபதுகளின் தொடக்கம். சாராயக் கடைகள் திறந்து ஒரு வருஷம் இருக்கும். அருப்புக்கோட்டையில் ஒரு கமிஷன் கடையில் மிளகாய் வத்தலைத் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. அஞ்சாவதோடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் பேச இன்றும் கூச்சம்தான்.

சாராயக் கடை திறக்கும் முன்பே கருவேலங்காட்டில் காய்ச்சியதைக் குடித்துப் பழகியவன் நான். பீடி நாளைக்கு இரண்டு கட்டு. பதினைந்து வருஷப் பழக்கம். சோற்றின் முன் உட்கார்வதே அபூர்வம். சண்டை போட்டுப் பார்த்து, அழுது பார்த்து, என் மனைவி பரளச்சியில் இருக்கும் தாய்வீட்டுக்கே போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. போய்க் கூப்பிடக் கூச்சம். அதற்கும் சேர்த்துக் குடித்தேன்.

அந்த ஐப்பசியில் கண் மங்கத் தொடங்கியது. வலி கிடையாது. சுற்றிலும் தெரியும், எதை நேராகப் பார்க்கிறேனோ அந்த இடத்தில் மட்டும் புகை அப்பியதுபோல் இருக்கும். சிவப்பு செத்துப்போனது. நல்ல வத்தலும் வெளிறிய சண்டு வத்தலும் ஒரே சாம்பல் நிறம். விரலால் தடவி, குலுக்கிப் பார்த்துச் சமாளித்தேன். ஆட்களைக் குரலை வைத்துக் கண்டுகொண்டேன். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம், கடை வாசலில் பையோடு ஒரு பெண் உருவம் வந்து நின்றது. பேசவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. வத்தல் கொண்டுவந்தவர் என்று நினைத்து, "ஓரமா வச்சிட்டு உக்காருங்க தாயி, மொதலாளி வந்திருவாக" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்ற உருவம் போய்விட்டது.

எதிரே வத்தல் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினார்.

"ஏன் தம்பி, கட்டுனவ தேடி வந்து நிக்கிறா. வான்னு ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவ? தாயியாம்ல, தாயி."

எங்கள் பக்கம் பகையாளி வாசலுக்கு வந்தாலும் வா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எத்தனையோ சேலைகள், ஒன்றுக்கும் முகம் இல்லை. அத்தனை பேர் நடுவே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. பஸ் கிளம்பிப் போனது.

கண் தெரியவில்லை என்பதை அந்த அக்காவிடம்தான் முதன்முதலில் சொன்னேன். மறுநாளே மதுரைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். பீடியும் சாராயமும் வெறும் வயிறும் சேர்ந்து கண் நரம்பைக் கெடுத்துவிட்டன என்றார் டாக்டர். பீடி, சாராயம் இரண்டையும் அன்றோடு விட்டேன். ஊசி, கீரை, முட்டை என்று மாதங்கள் போயின. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கைக்கெட்டும் தூரத்தில் முகம் தெரிந்தது.

பிறகு பரளச்சிக்குப் போய், அன்று கண் தெரியாததைச் சொன்னேன். குடிகாரன் சொல்லும் சாக்கு என்று மச்சினன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கதவோரம் நின்று கேட்டாள்.

"தெரியலைன்னா யாருன்னு கேக்க வேண்டியதுதான? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

மீதிப் பார்வை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது பழகிவிட்டது. அன்று அவள் கோபமாக வந்தாளா, சிரித்த முகமாக வந்தாளா என்பது அந்த அக்காவுக்குத் தெரியும், தெருவில் போனவர்களுக்குத் தெரியும். எனக்காக வந்த அந்த முகத்தை நான் ஒருவன்தான் பார்க்கவில்லை.