மேசைக்கடியில் நான், வெயிலில் எலும்புத் துண்டு

மூன்று வாரத்துக்கு முன்னர், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, நான் என் ஆய்வுகூடத்து மேசைக்கடியில் பதுங்கிக் கிடந்தேன். வெள்ளை மேலங்கியோடு. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

சிரிக்காதீர்கள். ஷெல் குண்டு ஒன்றும் விழவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும் — என் முழங்கால்களுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

என் வேலையைப் பற்றி அவ்வப்போது இங்கே புலம்பியிருக்கிறேன். நோயாளியின் உடம்பிலிருந்து டாக்டர் வெட்டியெடுக்கும் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்குத் தயார்செய்து கொடுக்க வேண்டும். சதை என்றால் மெழுகில் பதித்துச் சீவிவிடலாம். எலும்பு? அதற்கு ரெசின் வேண்டும். தேன் பதத்தில் இருக்கும் திரவம். அதற்குள் எலும்பைச் சில நாள் ஊறவிட்டு, பிறகு நீல விளக்கின் கீழ் வைத்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அப்புறம் தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்கலாம்.

ஒரேயொரு நிபந்தனை. ஊறி முடியும்வரை வெளிச்சம் படக்கூடாது. பட்டால் போச்சு! வெளிப்பக்கம் இறுகிவிடும், உள்ளே ரெசின் போகாது, தேய்க்கும்போது எலும்பு மாவாக உதிரும்.

ஆகவே என் அறை ஜன்னலில் கறுப்புத் துணி. உள்ளே மங்கலாக ஒரு மஞ்சள் பல்பு. கதவு எப்போதும் பூட்டு. மன்னாரில், மீள்குடியேறி வந்த சனங்களுக்கு நடுவில், இப்படியொரு அறை... வெளியே நிற்பவர்களுக்கு அது எதையெல்லாம் ஞாபகப்படுத்தும் என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. கெட்டிக்காரிதானே நான்!

அன்று அரிப்புக் கிராமத்திலிருந்து சூசை அண்ணனும் மனைவி ரெஜினா அக்காவும் வந்திருந்தார்கள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) அண்ணனுக்குக் கடல்தொழில். கீழ்த்தாடையில் வீக்கம். புற்றுநோயா இல்லையா என்று பார்ப்பதற்காக டாக்டர் பயறளவு எலும்பை எடுத்து அனுப்பியிருந்தார். அந்தத் துண்டு என் மேசையில் ஊறிக்கொண்டிருந்தது. அன்று அவர் வந்தது தையல் வெட்ட.

தாதி அவரைக் கூட்டிக்கொண்டு நடைவழியால் போய் மூலையில் திரும்பினார். தையல் வெட்டும் அறை மூலைக்கு அப்பால். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அக்காவின் கண்ணுக்குத் தெரிந்தது என் பூட்டிய கதவு மட்டும்தான். அரை மணி போயிற்று. கதவு தட்டும் சத்தம்.

“இஞ்சேருங்கோ... எங்கட அவர் உள்ளுக்கோ?”

நான் அப்போதுதான் கிண்ணத்தின் மூடியை எடுத்துவிட்டுப் பழைய ரெசினை மாற்றிக்கொண்டிருந்தேன். எரிச்சல். கதவைத் திறக்காமலே கத்தினேன்.

“இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்லை!”

உண்மைதானே? ஆனால் யுத்தத்தில் பிடித்துக்கொண்டு போன தன் மூத்த மகனைத் தேடி அக்கா ஏறிய முகாம் வாசல்களில் எல்லாம் கிடைத்த பதில், சொல்லுக்குச் சொல் இதுதானாம். எனக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்து முகத்தைப் பார்த்திருந்தால் கொஞ்சமாவது தெரிந்திருக்கும்.

போய்விட்டார் என்று நினைத்தேன். அவரோ கட்டடத்தைச் சுற்றி ஜன்னல் பக்கம் வந்திருக்கிறார். ரெசின் நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுத் துணியை மட்டும் தொங்கவிட்டிருந்தேன். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஒரே இழுவை! துணி கிழிந்தது. திரைக்கம்பு கழன்று இரும்பு அலுமாரியில் விழுந்தது — டமார்!

பிறகென்ன? மேசைக்கடிதான்.

“எங்க வைச்சிருக்கிறியள் அவரை? காட்டுங்கோ... எனக்குக் காட்டுங்கோ!”

மேலே அவர் கதறுகிறார். கீழே நான் நடுங்குகிறேன். பெண்குரல்தான் என்று காது சொல்கிறது, உடம்பு நம்பமாட்டேன் என்கிறது. இரண்டு நிமிடமா, பத்து நிமிடமா... இன்றுவரை தெரியாது. கடைசியில் சூசை அண்ணன் வாயில் பஞ்சோடு ஓடிவந்து, “ரெஜினா, நான் இஞ்ச நிக்கிறன். என்னைப் பாரப்பா” என்றது கேட்டது. அதற்குப் பிறகுதான் எழும்பினேன்.

மேசைமேல் நல்ல வெயில். திறந்த கிண்ணம். ரெசினை ஊசியால் தொட்டேன். ‘டிக்’ என்றது.

அப்போது வந்ததுதான் பெரிய பயம். அந்த மனிதருடைய தாடையில் இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டும். வீக்கம் பொல்லாததாக இருந்தால், அதற்குள் முற்றிவிடாதா? ‘மாதிரி போதவில்லை’ என்று படிவத்தில் ஒரு வரி எழுதினால் நான் தப்பலாம். யார் கேட்கப்போகிறார்கள்? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பேனையைக் கையில் எடுத்துவிட்டேன்.

எழுதவில்லை. வெளியே போனேன்.

“அக்கா, துண்டு பழுதாப் போச்சு. வெயில் பட்டுட்டுது. திரும்ப எடுக்க வேணும்.”

“ஐயோ... என்னாலயோ?”

“உடன மூடியிருந்தா தப்பியிருக்கும். நான் பயத்தில மேசைக்குக் கீழ கிடந்தனான்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களுமோ பிள்ளை?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

டாக்டர் கேட்டார். வயிறு நிறைய ஏச்சு வாங்கினேன். நியாயம்தான்.

இரண்டாவது துண்டு வந்தது. ஊறிய நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. விளக்கில் வைக்கும் நாளன்று அக்காவை உள்ளே கூப்பிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு, கிண்ணத்தைக் காட்டினேன். நீல விளக்குப் பெட்டியின் மூடியை இறக்கும்போது என் கையைப் பிடித்தார்.

“எத்தினை மணிக்கு விடுவியள்?”

சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். “நாலு மணிக்கு அக்கா” என்றேன். நாலடிக்க மூடியைத் திறந்தேன். ஒரு நிமிடம் பிந்தவில்லை.

போன வியாழக்கிழமை டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் தலையை நிமிர்த்திச் சொன்னதும் வாங்கடிக்கு ஓடினேன்.

“அக்கா, கான்சர் இல்லை! சாதாரணக் கட்டிதான். பயப்பிடாதேங்கோ!”

சூசை அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். ரெஜினா அக்கா எழும்பி நின்றார். பக்கத்தில் இருந்த புருஷனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி, என்னிடம் மெல்லக் கேட்டார்:

“அப்ப... இவரை நான் வீட்ட கூட்டிக்கொண்டு போகலாமோ?”

அனுமதி கொடுக்க நான் யார்? ஆனாலும் கொடுத்தேன்.