சொர்ணமக்காவுக்குக் குரல் கொடுத்தவள்

கௌசியைப் பற்றிக் கனடாவில், ஸ்காபரோத் தமிழர் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "ஆர், சொர்ணமக்காவோ?" என்பார்கள். மோர்னிங்சைட் பக்கத்துப் பல் கிளினிக் ஒன்றில் வருடக்கணக்காக வரவேற்பு மேசையில் இருக்கிறவள், இரண்டு பெடியன்களைப் பெற்று ஆளாக்கியவள், தாயில்லாத தங்கச்சி அட்சயாவுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிக் கலியாணமும் கட்டிக் கொடுத்தவள். இதெல்லாம் ஒருவருக்கும் தேவையில்லை.

ஜனார்த்தன் என்ற பெடியன் யூடியூப்பில் 'ஏழாம் மாடி' என்று ஒரு கார்ட்டூன் செய்கிறான். பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பார்க்கிற கார்ட்டூன். குடியும் தூஷணமும் படுக்கையறைப் பகிடியும் தாராளம். அதில் வரும் பொறாமைக்காரிதான் சொர்ணமக்கா. அடுத்த வீட்டாள் சோபா வாங்கினால் இவளுக்கு நித்திரை வராது. "எனக்கென்ன, நல்லாயிருக்கட்டும்" என்று இழுத்துச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் புதுச் சோபாவில் குழம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அந்தக் குரல் கௌசியுடையது.

முதலில் அவளுக்குப் புளுகம்தான், சந்தோஷம் தாங்கவில்லை. தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவர்கூட அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கலியாண மண்டபத்துக்குள் இவள் நுழைந்தால் பெண்கள் கழுத்து நகையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். எல்லாம் பகிடிக்குத்தான். ஆனால் பகிடி முடிந்த பிறகும் சிலர் தலைப்பை எடுக்கவில்லை. அதையும் அவள் கண்டுகொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள், தங்கச்சி கலியாணம் கட்டிப் போயிருந்த விட்பியிலிருந்து பல்லுக் கொதியோடு வந்த அன்ரி ஒருவர், கன்னத்தைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "தங்கச்சிக்கு எப்பவாம் பிள்ளை பிறக்கிற திகதி? வயிறு நல்லா இறங்கிட்டுது."

கௌசிக்கு அப்படி ஒரு விஷயமே தெரியாது. அந்த அன்ரிக்கு முன்னால் தெரிந்தமாதிரித் தலையாட்டியதுதான் அவள் வாழ்க்கையில் செய்த ஆகப் பெரிய நடிப்பு. மத்தியானம் காருக்குள் இருந்து தங்கச்சிக்குப் போன் எடுத்தாள்.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு தரம் கலைஞ்சு போனதெல்லோ, அக்கா. மாமிக்குச் சரியான பயம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம்."

"என்ர கண்ணோ? அது கார்ட்டூனடி! ஜனார்த்தன் எழுதித் தாறதை நான் வாசிக்கிறன்!"

"மனசில இல்லாட்டி உப்பிடி வருமோ எண்டு கேக்கிறா. ஒரு கிழமையும் விடாமல் பாக்கிறவ."

"எனக்கு ரெண்டு தடியங்கள் இருக்கிறாங்கள். சும்மா தாறன் எண்டாலும் ஒருத்தரும் கொண்டுபோகமாட்டினம். எனக்கு என்னத்துக்கு எரிச்சல்?"

"பாத்தியே, இப்பவும் சொர்ணமக்கா மாதிரித்தான் கத்துறாய்."

கௌசி போனைப் பக்கத்துச் சீற்றில் எறிந்தாள். கத்தினால் பொறாமை, பேசாமல் இருந்தால் உள்ளுக்குள் எரிகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்தப் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அவள் எத்தனை கோயிலில் கும்பிட்டிருப்பாள்! அது இப்போது ஒரு கீறின படத்தால் இல்லாமல் போகப் பார்த்தது.

விடவில்லை. ஜனார்த்தனிடம் போய், "சொர்ணத்தை ஒருக்கா நல்லவளாக் காட்டடா" என்று நின்றாள். அவனும் எழுதினான். அடுத்த வீட்டுப் பெட்டையின் கலியாணத்துக்குச் சொர்ணமக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டு, உண்மையாகவே வாழ்த்துகிறாள். ஒலிப்பதிவில் கௌசி நிஜமாக அழுதாள். காட்சி வெளியானதும் கீழே கருத்துகள் குவிந்தன. 'சங்கிலி பித்தளையாத்தான் இருக்கும்.' 'இந்த அழுகையை நம்பாதேங்கோ, அடுத்த கிழமை வீடு எரியும்.' 'ஐயோ அக்கா, என்னா நடிப்பு!' இவ்வளவு நாளும் வந்ததில் அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். ஜனார்த்தன் துள்ளிக் குதித்தான்.

அன்றைக்கே அவள் விலகினாள். ஸ்டெபனி என்ற பிள்ளை வந்து அந்தக் குரலைப் பேசினாள், நல்லாகவும் பேசினாள். சனம் என்ன எழுதியது தெரியுமா? 'பழைய அக்காவுக்குப் புதுப்பிள்ளையில் பொறாமையாம்.' இந்தச் சனத்தை என்ன செய்ய!

பிள்ளை பிறந்தது, பெண்பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த பிறகுதான் அழைப்பு வந்தது. கௌசி விட்பிக்குக் கார் ஓடிக்கொண்டு போகும்போதே வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

வீடு நிறையச் சனம். மாமியார் இராஜேஸ்வரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, போர்வையை முகம்வரை இழுத்துவிட்டபடி நின்றார். "வாங்கோ பிள்ளை" என்றார், போர்வையை விலக்கவில்லை. யாரோ போனை உயர்த்திப் பிடித்தார்கள். எல்லோரும் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தார்கள்.

"ஏதாவது சொல்லன், அக்கா" என்றாள் அட்சயா. கெஞ்சுகிற குரல்.

கௌசி குனிந்து, போர்வை இடுக்கால் பார்த்தாள். அப்படியே அட்சயா. தாய் செத்த வருடம் இவள் இடுப்பில் தூக்கித் திரிந்த அதே முகம். வடிவு என்று சொன்னால் கண்ணூறு. சொல்லாமல் விட்டால் வயிற்றெரிச்சல். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என்ன உது, அன்ரி," என்றாள், சொர்ணமக்காவின் அதே இழுவையில், "மூக்குச் சப்பை, காது விசிறி மாதிரி. ஒரு வடிவும் இல்லை."

வீடு சிரிப்பால் அதிர்ந்தது. "பாத்தியளே, இவ திருந்தமாட்டா!" என்று யாரோ கத்தினார்கள். இராஜேஸ்வரியின் முகத்தில் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. குறை சொன்ன வாய் கண்ணூறு படுத்தாதல்லவா! சிரித்துக்கொண்டே போர்வையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

பெறாமகளைப் பார்த்துக் கௌசி சொன்ன முதல் சொல் அது. பிள்ளை அவ்வளவு வடிவாக இருந்தது.