திருப்பிச் சொல்லுங்கம்மா

எண்பதுகளில் அரியலூர் டெலிபோன் ஆபீஸில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க்கால் போர்டில் வேலை பார்த்தேன். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் லைன் கேட்டுத் திட்டினால் எனக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அதிகம் கத்துபவர் ஒரு சிமெண்ட் வியாபாரி. அவருடைய அழைப்பை வேண்டுமென்றே கடைசியில் போடுவேன்.

அன்று அவர், "திருச்சி என்னம்மா ஆச்சு?" என்று கத்தியபோது எனக்கு மூச்சு முட்டியது. விரல்கள் மரத்துப்போயின. நான் மூச்சு வாங்கும் சத்தம் லைனில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அவர் குரல் சட்டென்று தணிந்தது. "மூச்சு வாங்குதாம்மா? லோடு லேட்டானா எனக்கும் இப்படித்தான் வரும், அதான் கத்துறேன். ஒண்ணும் ஆவாது. லாரி நம்பரா சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க."

யாராவது எண் சொன்னால் அதைத் திருப்பிச் சொல்வது எங்கள் தொழில் பழக்கம். தன் வாசலில் நின்ற லாரிகளின் எண்களை அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, நானும் சொன்னேன். ஐந்தாவது லாரியில் மூச்சு சீரானது.

"இப்ப திருச்சியப் போடலாங்களா?" என்றார்.

மறுநாள் பழையபடி கத்தினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இன்றும் படபடப்பு வந்தால் ரோட்டில் போகும் லாரியின் நம்பரை வாய்விட்டுப் படிக்கிறேன். அவரை வேண்டுமென்றே காக்க வைத்ததை மட்டும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.