ஒரு சாண் சரிவு

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குச் சொந்த மைதானம் ஒன்று இருந்தது. அது பந்து விளையாடக் கட்டியதே இல்லை. போடியிலிருந்து மலைக்குப் போகும் சாலையோரம், காப்பிக்கொட்டை காயவைக்க ஒரு தோட்டக்காரர் போட்ட சிமெண்டுக் களம். பிற்பாடு அவர் குடும்பம் அந்த நிலத்தைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தது. ஜீப் பட்டறையில் கம்பியை வளைத்து வளையம் செய்து, இரண்டு கம்பங்களை நட்டார்கள். அழைப்பிதழில் மட்டும் 'கூடைப்பந்து அரங்கம்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள்.

மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது என்று களத்தைச் சரிவாகவே போட்டிருந்தார்கள். மலைப் பக்கம் மேடு. வாய்க்கால் பக்கம் ஒரு சாண் பள்ளம். தரையில் வைத்த பந்து தானாக உருண்டு வாய்க்காலுக்குப் போய்விடும். வெளியூர் அணிகள் அங்கே வந்து திண்டாடும். நாங்கள் அங்கே தோற்றதே இல்லை. அதைத் திறமை என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசி வருடம், பல்கலைக்கழகப் போட்டிக்கு முன்னால் களத்தை அளக்க அங்கிருந்து ஒருவர் வந்தார். தரையில் சரிவு பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிம்மா ஓடுறீங்க?" என்றார். ஒரு மாதத்துக்குள் சமப்படுத்தாவிட்டால் ஆட்டம் மதுரைக்கு மாறும், அதுவும் வேலை நாளில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டம் மாறக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். காரணம், அம்மா. விடியும் முன் ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். பறிப்புச் சமயத்தில் ஒரு நாள் போகாவிட்டால் ஜீப்பில் அவள் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கள் ஆட்டங்களோ வேலை நாளாகப் பார்த்தே வரும். நான் ஆடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இது ஒன்றுதான் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் களத்தில். இதற்கப்புறம் எனக்கு ஆட்டமே கிடையாது.

கல்லூரியில் சரளை இறக்கி, பள்ளத்தை நிரவி, மேலே சிமெண்டு போட்டார்கள். போட்ட மறுநாளே மலையில் மேகம் இறங்கியது. காலையும் மாலையும் போய்த் தரையைப் பார்த்தேன். கொத்தனார் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஒருநாள் மாலை ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மா, வழக்கம்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நாலு எட்டு வைத்தாள்.

"காலு வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் இல்ல ஆத்தா. பகல் பூரா சரிவுல நின்னுட்டு சமதரைக்கு வந்தா, காலு இன்னும் மேட்டுலயே நிக்கிறதா நெனச்சுக்கிருது. சித்த நேரத்துல சரியாயிரும். ஒம்மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?"

"சிமெண்டு காயலன்னா மேச்சு மதுரைக்குப் போயிரும்மா."

"காயும். நாந்தான் வர்றேன்னு சொல்லிட்டேன்ல."

காய்ந்தது. ரசமட்டக்காரர் வந்து தலையாட்டினார். போட்டிக்கு இரண்டே நாள் இருந்தது.

ஞாயிறன்று அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் போட்ட பந்தெல்லாம் வளையத்தில் பட்டுப் பட்டு வெளியே போனது. சமதரையில் எங்களுக்கு ஆடத் தெரியவில்லை. என்ன தப்பு என்றும் தெரியவில்லை. பயிற்சி தரும் மேடமும் கத்திக் கத்தி ஓய்ந்துபோனார்.

நேரம் முடிந்தபோது இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி நொடியில் என்னை இடித்துத் தள்ளியதற்காக எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். இரண்டும் விழுந்தால் சமம். முதல் பந்து விளிம்பில் பட்டுத் தெறித்தது. அதோடு தோல்வி உறுதியாகிவிட்டது. இரண்டாவதை எடுத்தபோது கண் கலங்கிவிட்டது.

"ஆத்தா! எடது காலை நிமுத்து! அங்கன மேடு இல்ல!" முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல்.

குனிந்து பார்த்தேன். மலைப் பக்கத்துக் காலின் முழங்கால், இல்லாத மேட்டுக்காக மடங்கியே இருந்தது. நிமிர்த்தினேன். பந்து வளையத்தில் எங்கும் படாமல் உள்ளே இறங்கியது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். ஏலக்காய்க் கறை போகாத கை.

"விழுந்துருச்சுல்ல? செயிச்சாச்சுல்ல?"

"ஆமாம்மா" என்றேன். இன்றுவரை அதை நான் திருத்தவில்லை.