மக்காச்சோள வண்டியை நிறுத்திய குரல்

பேய், பிசாசு, ஜோசியம் எதையும் நம்பாத ஆள் நான். சரக்கு ரயிலில் கார்டு வேலை. வண்டியின் கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் தனியாக உட்கார்ந்து, சுடுகாட்டோரம், ஆற்றுப்பாலம் என்று எங்கெல்லாமோ காத்துக் கிடந்திருக்கிறேன், ஒரு தடவைகூட உடம்பு சிலிர்த்ததில்லை. அதனால்தான் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், நடந்தது நல்ல மத்தியான வெயிலில்.

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து போகிறோம். ராசிபுரம் தாண்டி சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டது. இன்ஜினில் டிரைவர் ஆரோக்கியம், சேலம் டவுன்காரர். அவருக்கும் எனக்கும் நடுவே அரை கிலோமீட்டருக்கு மேல் பெட்டிகள்தான், பேச்செல்லாம் வாக்கி டாக்கி செட்டில். பச்சை விழுந்ததும் நான் 'ரைட்' சொன்னால்தான் அவர் வண்டியை எடுப்பார்.

வெகுநேரம் கழித்துப் பச்சை விழுந்தது. செட்டைக் கையில் எடுக்கிறேன், இன்னும் பட்டனை அழுத்தவில்லை, அதற்குள் ஆரோக்கியத்தின் குரல்.

"எடுத்துப்போடாதீங்க சாமி, எடுத்துப்போடாதீங்க!"

அவர் என்னை 'சார்' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. தவிர, வண்டியை எடுக்கப் போகிறவரே அவர், என்னிடம் எதற்காகக் கெஞ்ச வேண்டும்? "என்னங்க ஆரோக்கியம், என்னாச்சு?" என்று கேட்டேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. என்னவோ சரியில்லை என்று தோன்ற, இறங்கிப் பெட்டிகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் சரளையில் ஒரு புல்லுக்கட்டு கிடந்தது. குனிந்தால், பெட்டிக்கு அடியில் தண்டவாளத்தின் மேலேயே ஒரு அம்மா குப்புறக் கிடக்கிறார். நின்ற வண்டிதானே என்று நுழைந்து அந்தப் பக்கம் போகப் பார்த்திருக்கிறார், இடுப்புச் சேலை பிரேக் கம்பியில் சுற்றிக்கொண்டது. முடிச்சு இறுகிப்போயிருந்தது, சேலையைக் கிழித்துத்தான் வெளியே இழுத்தேன்.

தண்ணீர் கொடுத்தேன். குடிக்க முடியாமல் அழுதார். "கத்தியிருக்கலாமேம்மா" என்றேன்.

"எங்கீங்க கத்தறது, தொண்ட அடைச்சுப்போச்சு. எம்புள்ளைக்கு வார மாசம் கண்ணாலமுங்க. எடுத்துப்போடாதீங்க சாமி, எடுத்துப்போடாதீங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே கெடந்தனுங்க."

எனக்கு அந்த வெயிலிலும் கை கால் சில்லிட்டுவிட்டது. புல்லுக்கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்து, வரப்பேறும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாமக்கல்லில் இறங்கியதும் ஆரோக்கியத்திடம் போனேன். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, அடியில ஆள் இருக்குன்னு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் எங்க சார் பேசினேன்? நீங்கதான எடுத்துப்போடாதீங்க சாமின்னு அழுதீங்க. உங்க குரல்தான் சார். பக்கத்துல இருந்த அசிஸ்டென்ட் டிரைவரும் கேட்டாரு."

செட்டில் கோளாறு என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இப்போதும் நின்ற வண்டியில் செட் இரைந்தால், ரைட் சொல்லாமல், யாராவது கெஞ்சுகிறார்களா என்று அதைக் காதோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். அப்படியும் ஒரு பயம், ஒருவேளை அடியில் கிடப்பவர் என் குரலில் ஆரோக்கியத்திடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அது எனக்குக் கேட்காதே.