ஓபரா பாடிய ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவருடைய கணவர் தர்மராஜ் அண்ணன் போன் செய்தார். தூத்துக்குடிப் பக்கம் அவர்களுடைய சொந்த ஊரிலிருந்து. கிட்னி பிரச்சினை என்று அக்கா சில மாதமாக லீவில் அங்கேதான் இருந்தார். தேறி வந்துவிடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்...

எங்கள் முதல் ராப் ட்ராக்கின் நடுவில் ஒரு பெண்குரல் மேலே மேலே போகுமே... "அந்த சாம்பிளை எந்த ஓபராவிலிருந்து எடுத்தீங்க ப்ரோ" என்று இன்பாக்ஸில் இன்னமும் கேட்கிறீர்கள்.

சாம்பிள் இல்லை. நான் மெர்ச்சண்டைஸராக இருக்கும் பனியன் கம்பெனியில், செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்த அக்கா.

அக்கா இப்படிப் பாடுவார் என்று எங்களுக்கே தெரிந்தது ஒரு பவர்கட்டில்தான். ஸ்டிச்சிங் ஃப்ளோரில் அத்தனை மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று கரண்ட் போய் எல்லாம் நின்றது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி.

அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் உச்சத்தில் நின்றுகொண்டிருந்தது.

மேனேஜர் பதறிப்போய் ஓடி வந்தார். "ஏனுங்க, ஆருக்கு என்னாச்சுங்க? வெரல்ல ஊசி ஏறிருச்சா?"

அக்கா கையிலிருந்த டீஷர்ட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஃப்ளோரே சிரித்தது.

மதியம் கேன்டீனில் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். சின்ன வயதிலிருந்தே சர்ச் கொயரில் பாடுகிறவர். யூடியூபில் ஏதோ தேடப்போய் ஒரு இத்தாலி ஓபரா கண்ணில் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து பைத்தியம். லைன் வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுகிறார்களாம். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று கம்பெனியில் பாடியிருக்கிறார். எத்தனை மாதமாகவோ!

அர்த்தம் புரியுதாக்கா என்றேன்.

"ஒரு பொம்பள அழுதுக்கிட்டே சண்ட போடுதா தம்பி. அது போதும்லா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் நாங்கள் பிராக்டிஸ் செய்யும் பனியன் குடோனுக்குக் கூட்டிப் போனேன். பீட் போடும் என் நண்பன் பிரவீன், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் முதல் ட்ராக்கில் அக்கா குரல் சேர்ந்தது அப்படித்தான். அந்த ட்ராக்கோடு முதல் ஷோ. அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வந்தது எல்லாம் ராப் கேட்கிற கூட்டம். நான் என் வரிகளை முடித்ததும் அக்கா மைக்குக்கு வந்தார். நீலப் புடவை, தலை நிறைய மல்லி.

முதல் நோட்டிலேயே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. விசில். பின்வரிசையில் ஒருத்தன் அதே மாதிரி ஊளையிட்டுக் காட்டினான். பீட்டை நிறுத்திவிடலாமா என்று பிரவீன் என்னைப் பார்த்தான்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் பாடினார். சிரிப்பு பாதி அடங்கியது, பாதி அடங்கவில்லை. அதுதான் உண்மை.

கீழே இறங்கி டீ கேட்டார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். பாதில இறங்கிருந்தா நாளைக்கி எனக்கு வேல ஓடாது."

யாரோ எடுத்த வீடியோ மீம் ஆனது. கம்பெனியில் "சைரன் அக்கா" என்று பெயர் வைத்தார்கள். ஷிப்ட் முடியும்போது கேட் பக்கம் நின்று பையன்கள் கத்துவார்கள்.

அதே கம்பெனியில் கட்டிங்கில் இருந்த தர்மராஜ் அண்ணனுக்குத் தாங்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் சேனலில் இருக்கிற பாட்டையாவது எடுத்துவிடுங்கள் என்றார். ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். அவர் கண் கலங்கியிருந்தது. அக்காவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். செக் செய்துகொண்டிருந்த பீஸை மடித்து வைத்தார்.

"தொண்ட என்னோடது தம்பி. அவுகளுக்கு வெக்கமா இருந்தா அவுக கேக்க வேண்டாம். பாட்டு இருக்கட்டும்."

பாட்டு இருந்தது.

அடுத்த பிராக்டிஸுக்கு அக்காவை பைக்கில் கொண்டுவந்து விட்டது தர்மராஜ் அண்ணன்தான். உள்ளே வரவில்லை. குடோன் வாசலில் பைக் மேலேயே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் அப்படித்தான்...

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஸ்கில் சுடுதண்ணீரோடு உள்ளே வந்து, ஒரு துணி பேல் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு பிரவீனிடம் மெதுவாக, "தம்பி, உங்க கொட்டுச் சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க. அவ குரல் அமுங்கிப் போவுது" என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்த பார்வை... எழுத வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ட்ராக் சேர்ந்து பண்ணினோம். அக்காவுக்கு ஃபேன்ஸ் கூட வந்தார்கள். கேட்டில் கத்தின பையன்களில் ஒருத்தன் செல்ஃபி கேட்டபோது, "இப்ப கத்து பாப்போம்" என்று சொல்லி அவனைக் கத்தவிட்டு, ஸ்கேல் தப்பு என்று திருத்தினார்.

இன்று காலை போனில் தர்மராஜ் அண்ணன் அழவில்லை. பின்னால் கொயர் பாடிக்கொண்டிருந்தது. அடக்கம் சாயங்காலம் என்றார்.

பிறகு அவரே சொன்னார். "நல்லாத்தான் பாடுதாங்க தம்பி... ஆனா ஒருத்தரும் சத்தமா பாட மாட்டேங்காங்க."

நானும் பிரவீனும் கிளம்பிவிட்டோம். வண்டியில் ஷோவுக்குக் கொண்டுபோகும் பெரிய ஸ்பீக்கர் இரண்டும் இருக்கிறது.

வந்துட்டிருக்கோம்க்கா.