கிரேன் தூக்கிய மகள்

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்குபவர் அவர். ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்காமல் மாடி ஏறுவதால், உடன் வேலை செய்கிறவர்கள் கிரேன் என்றே கூப்பிடுவார்கள். அவர் குடியிருப்பதும் மூன்றாம் மாடியில்தான். லிஃப்ட் கிடையாது.

கிரேனுக்கு நான்கு வயதில் ஒரே மகள். குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தவள். வேலையிலிருந்து வந்ததும் அவளைத் தூக்கிப் பார்ப்பார். உடனே முகம் வாடிவிடும்.

"பஞ்சு மாதிரி இருக்கா. புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?"

"என் இடுப்பைக் கேளுங்க, அது சொல்லும்" என்பாள் மனைவி. மகள் ஒரு படிகூட ஏறமாட்டாள். பகலெல்லாம் தூக்கிச் சுமப்பது தாய்தான். கிரேன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அடுத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் பிள்ளையை எடை மெஷினில் நிறுத்தினார். டாக்டர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கே" என்றார்.

கிரேனுக்குச் சுருக்கென்றது. "மெஷின்ல ஏதோ கோளாறுங்க." தானே ஏறி நின்று பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னார். டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பீரோ தூக்குற கைக்கு எந்தப் புள்ளைதான் கனக்கும்? நீங்க மட்டும் இல்லை, இங்க வர்ற நிறைய பேருக்கு அவங்க புள்ள இளைச்சுத்தான் தெரியுது. பட்டினி போட்டுடாதீங்க. பிஸ்கட்டைக் குறைங்க, ஓடி ஆடட்டும்."

கூட வந்திருந்த மனைவி தன் இடுப்பைத் தடவிக்கொண்டாள். சிரிக்காமல் இருக்க அவள் படும் பாடு முகத்தில் தெரிந்தது.

அன்று திரும்பி வந்ததும் மாடிப்படியின் அடியில் மகள் கையை நீட்டினாள். "தூக்குப்பா." கிரேனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் விரலை மட்டும் கொடுத்தார். மகள் படிக்குப் படி உட்கார்ந்தாள், அழுதாள், எறும்பு ஒன்றைக் கண்டதும் அழுகையை மறந்தாள். வாஷிங் மெஷினோடு தாவி ஏறுகிற மனுஷனுக்கு, முதல் மாடி வருவதற்குள் கால் கடுத்துவிட்டது.

போகப்போகப் பழகிவிட்டது. மழைக்காலம் கழிந்து மறுபடி பார்த்தபோது எடை ஏறவில்லை, பிள்ளையின் உயரம் கூடியிருந்தது. டாக்டர் அம்மாவுக்குத் திருப்தி. கிரேனுக்கு மட்டும், கன்னம் ஒட்டிப்போச்சோ என்று ஒரு சந்தேகம்.

இப்போதெல்லாம் மகள்தான் முன்னால் ஓடுகிறாள். இரண்டாம் மாடியில் யார் வீட்டுக் காலிங் பெல்லையாவது அழுத்திவிட்டுப் பறந்துவிடுவாள். கதவு திறக்கும்போது எதிரே நிற்பது கிரேன்.

"புள்ள அழுத்திடுச்சுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று அசடு வழிவார். மேலேயிருந்து தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும்.